பெருங்குடல் புற்றுநோய்: கல்லீரலுக்குள் நோயெதிர்ப்பு அடங்கிப்போவது ஏன்?

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயோர்க்கிலிருந்து வெளியான மருத்துவச் செய்தி ஒன்று உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த சிலருக்கு டொஸ்டார்லிமாப் என்னும் மருந்து ஆறு மாத காலம் ஏற்றப்பட்டது. சிகிச்சையை முடித்த 12 பேரிடமும் கட்டி இருந்த தடயமே தெரியாமல் மறைந்துபோனது. அவர்களில் எவருக்கும் அதன்பின் அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தேவைப்படவில்லை. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற தொனியில் இச்செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவியது.

அந்த வாரமே எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஊரில் என்னோடு ஒரே வகுப்பில் படித்து, இப்போது வேறொரு ஐரோப்பிய நாட்டில் வாழும் நண்பரின் மனைவி பேசினார். நண்பருக்குப் பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய், அதற்கு முந்தைய ஆண்டிலேயே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "அண்ணா, இந்த மருந்து இவருக்கும் சரிவருமோ?" என்று அவர் கேட்டார். அரசறிவியல் படித்துவிட்டுச் செய்தித்துறைக்கு வந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கியதில் தெரியவந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தலைப்புச் செய்திகள் இரண்டு விவரங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. அந்த 12 பேரில் எவருக்கும் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவியிருக்கவில்லை என்பது ஒன்று. அவர்கள் அனைவரின் கட்டியிலும் குறிப்பிட்ட ஒரு மரபணுக் குறைபாடு இருந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாத நோயாளியின் நிலை வேறு. உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வகையினரே.

மெய்ப்புத் திருத்துநர் இல்லாத அச்சகம்

உயிரணு (இலங்கைப் பாடநூல்கள் இதைக் கலம் என்கின்றன) இரண்டாகப் பிரியும்போது, தன்னிடமுள்ள மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்க வேண்டியிருக்கிறது. பல நூறு கோடி எழுத்துக்கள் கொண்ட நூல் அது. படியெடுக்கையில் பிழைகள் நேர்வது இயல்பு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் இருப்பதுபோல, உயிரணுவிலும் இப்பிழைகளைக் கண்டுபிடித்து நீக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு முதன்மையானவை. இந்த நான்கில் ஒன்று இல்லாமற்போனாலும் பிழைகள் நீக்கப்படாமல் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. பிழையான செய்தியிலிருந்து பிழையான புரதங்கள் உருவாகின்றன.

நோயாளிக்கு இதில் ஓர் எதிர்பாராத ஆதாயம் உண்டு. நமது இரத்தத்தில் உலவும் டி உயிரணுக்கள், உடலின் சொந்தப் புரதத் துண்டுகளையும் அந்நியத் துண்டுகளையும் வேறுபடுத்தி அறிபவை. பிழை மலிந்த கட்டி அவற்றின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகிறது. அவை கூட்டமாக அதற்குள் நுழைகின்றன. கட்டியோ, டி உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள தடுப்பு விசைகளை அழுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இந்தத் தடுப்பு விசைகளைக் கண்டறிந்து, அவற்றை விடுவித்தால் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று காட்டியதற்காகவே அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹொன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. டொஸ்டார்லிமாப், பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால் தடையை விடுவிக்கும் மருந்து, டி உயிரணுக்களைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அவை ஏற்கனவே கட்டிக்குள் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திருத்துப் புரதம் இல்லாத பெருங்குடல் புற்றுநோயாளிகள் 10 பேரில் 4 பேருக்குப் பெம்புரோலிசுமாபினால் கட்டி சுருங்கியது. திருத்துப் புரதங்கள் முறையாக இருந்த 18 பேரில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை. பெருங்குடல் புற்றுநோய்கள் அனைத்தையும் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 15 வீதத்தில் இக்குறைபாடு உண்டு. பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட புற்றுநோய்களில் அது 5 வீதமளவே. ஆக, பரவிய நோயுள்ள 20 பேரில் 19 பேருக்கு அந்த ஜூன் மாதச் செய்தி எழுதப்படவில்லை.

பாரிஸில் எண்ணப்பட்ட அணுக்கள்

எஞ்சிய 19 பேரின் கட்டிகளில் நோயெதிர்ப்பு உயிரணுக்களே இல்லையா? இருக்கின்றன. எத்தனை, எந்த வகை, எந்த இடத்தில் என்பதில்தான் வேறுபாடு. இந்த மூன்று கேள்விகளையும் முறையாகக் கேட்டவர்கள் பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் கலோனும் அவருடைய சகாக்களும். பெருங்குடல் கட்டிகளின் மெல்லிய சீவல்களில் டி உயிரணுக்களைச் சாயமேற்றி, கட்டியின் நடுப்பகுதியிலும் அது ஆரோக்கியமான திசுவைத் தொடும் விளிம்பிலும் தனித்தனியே எண்ணினார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டு இடங்களிலும் டி உயிரணுக்கள் அடர்ந்திருந்த நோயாளிகள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். கட்டி எவ்வளவு ஆழம் சென்றது, எத்தனை நிணநீர்க் கணுக்களைத் தொட்டது என்று பார்த்து நோயின் கட்டத்தை வகுக்கும் பழைய முறையைவிட, இந்த எண்ணிக்கை நோயாளியின் எதிர்காலத்தை நன்றாகவே சுட்டியது.

ஓர் ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு மற்றோர் இடத்தில் பொய்த்துப்போவது மருத்துவ ஆராய்ச்சியில் அடிக்கடி நிகழ்வது. இது பொய்க்கவில்லை. இந்தியா உட்பட 13 நாடுகளில் 14 மையங்களைச் சேர்ந்த 2681 நோயாளிகளின் கட்டிகளில் இதே எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டு, 2018இல் முடிவுகள் வெளியாகின.

எனினும் அந்த எண்ணிக்கை குடலில் இருந்த கட்டிகளைப் பற்றியது. பெருங்குடல் புற்றுநோயாளிகளைக் கொல்வது பெரும்பாலும் குடலில் இருக்கும் கட்டி அல்ல. அங்கிருந்து பெயர்ந்து சென்று வேறிடத்தில் வேரூன்றும் கட்டி. அந்த வேறிடம் பெரும்பாலும் கல்லீரல்.

சகித்துக்கொள்ளும் உறுப்பு

ஏன் கல்லீரல் என்பதற்கு விடை உடலின் குழாயமைப்பிலேயே உள்ளது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. கல்லீரல் வாயில் நாளம் என்ற பெருங்குழாய் வழியாக அது முதலில் கல்லீரலுக்குள் செல்கிறது. கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வழியாக வருவது. குடல் கட்டியிலிருந்து கழன்ற உயிரணுவும் இதே பாதையில் பயணிக்கிறது. அது சந்திக்கும் முதல் நுண்குழாய் வலை கல்லீரலினுடையது.

அதே குழாயில் வேறு பலவும் வருகின்றன. நாம் உண்ட உணவின் புரதத் துண்டுகள், குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் சிதைவுகள், சில வேளைகளில் உயிருள்ள பாக்டீரியாக்கள். இவை அனைத்தும் உடலுக்கு அந்நியமானவையே. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வரும் இந்த அந்நியப் பொருட்கள் அனைத்தையும் நோயெதிர்ப்பு அமைப்பு எதிரியாகக் கருதித் தாக்கினால், கல்லீரல் நிரந்தரமாக வீங்கி எரிந்துகொண்டிருக்கும். ஆகவே கல்லீரல் சகித்துக்கொள்ளும் இயல்பைப் பெற்றிருக்கிறது. நோயெதிர்ப்பைப் போர்ப்படையாக வருணிப்பது செய்தியாளர்களின் வழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். கல்லீரலைப் பொறுத்தவரை அந்த உவமை பொருந்தாது. அது பரபரப்பான துறைமுகத்தின் சுங்கச் சாவடி போன்றது. வருவனவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை உள்ளே விட்டாக வேண்டும்.

இந்தச் சகிப்பு எவ்வளவு ஆழமானது என்பதை 1969ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறுவைச் சிகிச்சை நிபுணர் ரோய் கேன் பன்றிகளில் காட்டினார். ஒரு பன்றியின் கல்லீரலை மற்றொன்றுக்குப் பொருத்தியபோது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகத்தையோ தோலையோ அவை அப்படி ஏற்பதில்லை. இன்னும் விந்தை, கல்லீரல் பெற்ற பன்றி, அதே கொடையாளியின் சிறுநீரகத்தையும் சகித்துக்கொண்டது. கல்லீரலின் இயல்பு கல்லீரலோடு நின்றுவிடவில்லை; உடல் முழுவதற்கும் பரவியது. இந்தப் பழைய பரிசோதனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அரை நூற்றாண்டுக்குப் பின் அது புற்றுநோய் மருத்துவத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது.

சகிப்பை நடைமுறைப்படுத்துபவை பல வகை உயிரணுக்கள். முக்கியமானவை, நுண்குழாய்களின் சுவரில் ஒட்டியிருக்கும் குப்ஃபர் உயிரணுக்கள். 1876இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் வொன் குப்ஃபரின் பெயர் இவற்றுக்கு நிலைத்துவிட்டது. இவை பெருவிழுங்கிகள் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இரத்தத்தில் வரும் பாக்டீரியாக்களையும் செத்த உயிரணுக்களையும் விழுங்கிச் செரிப்பவை. தனித்து வரும் புற்றுநோய் உயிரணுக்களையும் இவை விழுங்குகின்றன. தப்பிப் பிழைக்கும் சிலவே வேரூன்றுகின்றன. வேரூன்றிக் கட்டியாகத் திரண்ட பின்னர், பெருவிழுங்கிகளில் பல கட்டிக்குச் சேவகம் செய்பவையாக மாறிவிடுகின்றன. அவை இரத்தக் குழாய்கள் வளரத் தூண்டுகின்றன. டி உயிரணுக்களை அடக்கும் பொருட்களைச் சுரக்கின்றன.

எல்லைக்கோட்டில் நடப்பது

கல்லீரலில் வளரும் கட்டிகள் எல்லாம் ஒரே விதமாக வளர்வதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு முக்கியத் தோற்றங்கள் தெரிகின்றன. ஒன்றில், கட்டிக்கும் கல்லீரலுக்கும் இடையே நார்த்திசுவாலான வளையம் ஒன்று மதில்போல் எழுந்திருக்கும். அந்த மதிலைச் சுற்றி டி உயிரணுக்கள் அடர்ந்து நிற்கும். மற்றதில் மதில் எதுவும் இல்லை. புற்றுநோய் உயிரணுக்கள் கல்லீரல் உயிரணுக்கள் இருந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. புதிய இரத்தக் குழாய்களைக்கூட அவை உருவாக்குவதில்லை. கல்லீரலின் குழாய்களையே பயன்படுத்திக்கொள்கின்றன. வீட்டுச் சுவரை இடிக்காமல் வீட்டுக்காரரை மட்டும் வெளியேற்றிவிட்டுக் குடியேறுவதற்கு ஒப்பானது இது. அயலவருக்கு எதுவும் தெரிவதில்லை. அங்கே நோயெதிர்ப்பு உயிரணுக்கள் குறைவு. அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகள் முழுவதும் முதலாவது வகையாக இருந்த நோயாளிகள் கணிசமாக அதிக காலம் வாழ்ந்ததை நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகர மருத்துவர்கள் உட்படப் பலரும் பதிவு செய்துள்ளனர்.

விளிம்பில் டி உயிரணுக்கள் நிற்பது நல்ல அறிகுறி என்பதை ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் நீல்ஸ் ஹலாமா தலைமையிலான குழு 2011இல் வேறொரு வழியில் உறுதிப்படுத்தியது. கல்லீரல் கட்டியின் விளிம்பில் அவை அடர்ந்திருந்தவர்களுக்குக் கீமோதெரபி மருந்துகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் அதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு கதையைச் சிக்கலாக்கியது. விளிம்பில் நின்ற டி உயிரணுக்கள் ஒரு சமிக்ஞைப் பொருளைச் சுரந்தன. கட்டியைத் தாக்க உதவ வேண்டிய அச்சமிக்ஞையைப் பெருவிழுங்கிகள் வழியாகக் கட்டியே தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

அச்சமிக்ஞையை ஏற்கும் வாயிலை அடைக்கும் மருந்து ஏற்கனவே சந்தையில் இருந்தது. மாராவிரொக் என்ற அம்மருந்து எச்ஐவி தொற்றுக்காக 2007இல் அனுமதிக்கப்பட்டது. அதைக் கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலருக்குக் கொடுத்தபோது பெருவிழுங்கிகளின் போக்கு மாறியது. பின்னர் அதைப் பெம்புரோலிசுமாபுடன் சேர்த்துக் கொடுத்த சிறிய சோதனையில் பெரிய பலன் கிடைக்கவில்லை. கண்டுபிடிப்பு சரியாக இருந்தும் மருந்து பயன்தராமற்போவது இத்துறையில் புதிதல்ல.

இன்னொரு சிக்கல், ஒரே மனிதரின் கல்லீரலில் உள்ள பல கட்டிகளும் ஒன்றுபோல் இல்லை என்பது. பெல்ஜிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவ்வாறு பரவிய 603 கட்டிகளை முழுமையாக ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரு கட்டிகளில் ஒன்றில் டி உயிரணுக்கள் நிறைந்தும் மற்றதில் அருகியும் காணப்பட்டன. நோயாளியின் ஆயுளை மிக நெருக்கமாகச் சுட்டியது, அவற்றுள் மிகக் குறைவான நோயெதிர்ப்பு உயிரணுக்களைக் கொண்டிருந்த கட்டி. ஊசி குத்தி எடுக்கப்படும் ஒரேயொரு துணுக்கை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிப்பதில் உள்ள அபாயத்தை இது காட்டுகிறது.

டி உயிரணுக்களின் இடுகாடு

இனி, பன்றிகளுக்குத் திரும்பலாம். கல்லீரலின் சகிப்பு உடல் முழுவதற்கும் பரவும் என்றால், கல்லீரலில் உள்ள கட்டி உடலின் வேறிடங்களில் நடக்கும் எதிர்ப்பையும் பலவீனப்படுத்துமா? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கேள்வியை எலிகளில் சோதித்து 2021இல் விடை தந்தனர். தோலுக்கடியில் மட்டும் கட்டியுள்ள எலிகளுக்குத் தடையை விடுவிக்கும் மருந்து வேலை செய்தது. அதே கட்டி கல்லீரலிலும் இருந்தபோது, தோலுக்கடியில் இருந்த கட்டிக்குக்கூட அம்மருந்து சரியாக வேலை செய்யவில்லை. காரணம், உடலில் உலவிய டி உயிரணுக்களைக் கல்லீரல் ஈர்த்துக்கொண்டது. அங்குள்ள பெருவிழுங்கிகள் அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஃபாஸ் என்னும் சாவு விசையை அழுத்தின. அவை அங்கேயே மடிந்தன. கல்லீரல் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது இந்த அழிவு குறைந்து, மருந்து மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது.

எலிகளில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. இந்த விடயத்தில் மருத்துவமனைக் கணக்கும் அதே திசையில்தான் செல்கிறது. கலிபோர்னியாவின் சிட்டி ஒஃப் ஹோப் மருத்துவர்கள், திருத்துப் புரதங்கள் முறையாக உள்ள 29 நோயாளிகளுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து 2023இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். கல்லீரலில் பரவல் இல்லாத 22 பேரில் 8 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. கல்லீரலில் பரவல் இருந்த 7 பேரில் ஒருவருக்கும் இல்லை. 7 என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பொட்டென்சிலிமாப் என்ற புதிய மருந்தின் 2024ஆம் ஆண்டு முடிவுகளிலும் இதே பிளவு தெரிந்தது: கல்லீரல் பரவல் இல்லாதவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது, இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதன் விளைவு ஒன்று என்னை உறுத்துகிறது. மருந்து வேலை செய்யக்கூடிய இடத்தில் அதைச் சோதிப்பது விஞ்ஞான ரீதியில் சரியே. அதனால் இப்போது இத்தகைய மருந்துகளின் பெரிய சோதனைகள் சிலவற்றில், கல்லீரலில் பரவல் உள்ளவர்கள் சேர்க்கப்படுவதில்லை. பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகளில் பெரும்பான்மையினர் அவர்களே. நாளை அந்த மருந்து வெற்றி பெற்றால் தலைப்புச் செய்தி "பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்து" என்றுதான் வரும். யாருக்கு என்பது உள்ளே எட்டாவது பந்தியில் இருக்கும்.

கல்லீரல் பரவல் உள்ளவர்களுக்கு இன்றும் மிகுந்த பயன் தருவது அறுவைச் சிகிச்சையே. கட்டிகளை முழுமையாக அகற்ற முடிந்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பத்தில் நால்வரளவு உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அகற்றக்கூடிய நிலையில் இருப்பவர்கள் சிறுபான்மையினரே. அகற்ற முடியாதவர்களில் ஒரு சிலருக்கு, கல்லீரலையே மாற்றும் துணிச்சலான முயற்சி நோர்வேயின் ஒஸ்லோவில் 2006இல் தொடங்கப்பட்டது. உறுப்பு மாற்றுப் பெற்றவர் ஆயுள் முழுவதும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்க வேண்டும். நோயெதிர்ப்பை அடக்கினால் புற்றுநோய் பொங்கியெழும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. முதல் 21 நோயாளிகளில் பலருக்கு நோய் மீண்டும் வந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் நுரையீரலில் வந்தது, மெதுவாகவே வளர்ந்தது. பிரான்ஸ் முன்னின்று நடத்திய சோதனையில் 94 பேர் பங்கேற்றனர். அதன் முடிவுகள் 2024இல் வெளியாகின. மாற்றுக் கல்லீரலும் கீமோதெரபியும் ஒதுக்கப்பட்ட பிரிவில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 57 வீதம். கீமோதெரபி மட்டும் ஒதுக்கப்பட்ட பிரிவில் 13 வீதம். நோய் கல்லீரலைத் தாண்டாதவர்கள், மருந்துக்கு ஏற்கனவே கட்டுப்பட்டவர்கள் என மிகக் கவனமாகத் தெரிவு செய்யப்பட்டவர்களின் கணக்கு இது என்பதை மறக்கலாகாது. கொடையாகக் கிடைக்கும் கல்லீரல்களும் எங்கும் போதாது.

நண்பரின் கதைக்கு வருகிறேன். திருத்துப் புரதங்கள் நான்கும் கட்டியில் உள்ளனவா என்று சாயமேற்றிப் பார்ப்பது, இன்று பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் வழமையான சோதனை. அகற்றிய கட்டியின் அறிக்கையிலேயே அதன் முடிவு இருக்கும். தொலைபேசியில் பேசிய சில நாட்களில் நண்பரின் மனைவி அந்த அறிக்கையை எனக்கு அனுப்பிவைத்தார். இரண்டாவது பக்கத்தில் நான்கு புரதங்களின் பெயர்களும் இருந்தன. நான்குக்கும் நேரே ஒரே குறிப்பு: இழப்பில்லை. அதாவது அவர் அந்த 19 பேரில் ஒருவர்.

இதன் பொருளைச் சொன்னபோது சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அப்ப ஒப்பரேஷனுக்கு இடமிருக்கோ எண்டு கேட்டுப் பார்க்கட்டோ, அண்ணா?" என்றார். கேட்டார்கள். கீமோதெரபியால் கட்டிகள் சுருங்கியிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கல்லீரலின் வலப்பகுதியிலிருந்த இரண்டு கட்டிகளும் அகற்றப்பட்டன. புதிய அறிக்கையில், கட்டிகளைச் சுற்றி நார்த்திசு வளையம் இருந்ததாக ஒரு வரி இருந்தது.